92 வாங்கிய பிள்ளை ஏன் "கணக்கு வராது" என்கிறது?

கேட்டவர் ஒரு அப்பா. மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தமிழ் 98, ஆங்கிலம் 97, கணக்கு 92, இயற்பியல் 94, வேதியியல் 96, கம்ப்யூட்டர் சயின்ஸ் 98. கட்-ஆஃப் 187. "எனக்குக் கணக்கு வராதுப்பா, இன்ஜினியரிங் வேண்டாம், பி.ஏ. இங்கிலீஷ் சேர்கிறேன்" என்கிறாளாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உயிர்த்தோழி கணக்கில் சென்டம். "பிள்ளைகள் இப்படி ஒப்பிட்டுப் பார்த்தே படிப்பை முடிவு செய்கிறார்களே, இது சரியா? நான் வற்புறுத்தலாமா? சின்னவள் பத்தாவது முடித்திருக்கிறாள், அவளை டவுனில் இருக்கும் பெரிய பள்ளிக்கு மாற்றினால் நல்லதா?" இதுதான் அவர் கேள்வி.

இருபது வருடத்துக்கு மேல் பொறியியல் கல்லூரியில் முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். கவுன்சலிங் சமயத்தில் உதவி மையத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தோடு, இந்த விஷயத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டுபிடித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வற்புறுத்த வேண்டாம். அது முதல் பதில். ஆனால் "கணக்கு வராது" என்ற வார்த்தையை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். நூற்றுக்கு 92 வாங்கிய பிள்ளைக்குக் கணக்கு வராமல் இல்லை. அவள் சொல்வது ஒரு கழித்தல் கணக்கின் விடை. தோழியின் 100-லிருந்து தன் 92-ஐக் கழித்தாள், 8 குறைந்தது. தன் தமிழ் 98-லிருந்து கணக்கு 92-ஐக் கழித்தாள், 6 குறைந்தது. இரண்டு கழித்தலிலும் கணக்கு தோற்றது. இதில் அவளுக்குக் கணக்கு எவ்வளவு தெரியும் என்ற கேள்விக்கே இடமில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதல் கழித்தல் எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்தவரோடு ஒப்பிடுவது. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-இல் இதைப் பற்றி எழுதினார்: தன் திறமையை அளக்க நேரான அளவுகோல் இல்லாதபோது மனிதன் பக்கத்தில் இருப்பவனை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறான், அதுவும் தன்னைப் போலவே இருப்பவனை. மதிப்பெண்தான் நேரான அளவுகோலாயிற்றே என்று கேட்கலாம். சரி, பிள்ளை வீட்டுக்கு வந்து "92" என்றதும் நாம் கேட்கும் அடுத்த கேள்வி என்ன? "கிளாஸ் ஃபர்ஸ்ட் எவ்வளவு?" அந்த பதில் வரும்வரை 92-க்கு நம் வீடுகளில் அர்த்தமே கிடையாது. கொஞ்சம் சூடான வீடாக இருந்தால் "போய் அவ காலைக் கழுவித் தண்ணி குடி" என்பதும் உண்டு.

இரண்டாவது கழித்தல்தான் சுவாரஸ்யமானது, பெற்றோர் கண்ணில் படாததும் அதுதான். பிள்ளை தன்னைத் தன்னோடே ஒப்பிடுகிறது. ஒரு பாடத்தை இன்னொரு பாடத்தோடு.

ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1986-இல் ஒரு புதிரைப் பிடித்தார். கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மொழிப்பாடத்திலும் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள். இது எந்த வகுப்பாசிரியருக்கும் தெரியும். அப்படியானால் "நான் கணக்கில் கெட்டி" என்று நினைக்கும் பிள்ளை "மொழியிலும் கெட்டி" என்று நினைக்க வேண்டும் அல்லவா? நினைப்பதில்லை. பிற்பாடு, 2009-இல், ஜெர்மனியின் யென்ஸ் மோலரும் மார்ஷும் மற்றவர்களும் சேர்ந்து இதே மாதிரியான 69 தரவுத் தொகுப்புகளை, 1,25,000 பேருக்கு மேற்பட்டவர்களின் விவரங்களை, ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு மதிப்பெண்ணுக்கும் மொழி மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு 0.67. அதாவது நல்ல நெருக்கம். அதே பிள்ளைகள் அந்த இரண்டு பாடங்களிலும் தங்களைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்துக்கு இடையிலான தொடர்பு வெறும் 0.10. கிட்டத்தட்ட ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ஏன் இப்படி? பிள்ளை மனசுக்குள் ஒரு தராசு வைத்திருக்கிறது. ஒரு தட்டில் கணக்கு, ஒரு தட்டில் மொழி. மொழித் தட்டில் எடை கூடி அது கொஞ்சம் கீழே இறங்கினால், கணக்குத் தட்டு எடை குறைந்தது போலத் தானாக மேலே போய்விடும். கணக்கில் ஒரு மார்க்கும் குறையாமலேயே, தமிழில் கூடுதலாக வாங்கிய ஒரே காரணத்துக்காக "கணக்கு எனக்கு அவ்வளவு வராது" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உங்கள் மகளுக்குத் தமிழில் 85 வந்திருந்தால் இதே 92-ஐக் காட்டி "எனக்குக் கணக்குதான்ப்பா வரும்" என்று சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய குற்ற உணர்ச்சி கிளம்பியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தேன். ஒரு பெண். நன்றாகவே போடுவாள். ஒரு நாள் தொகையீட்டுக் கணக்கு ஒன்றில் மாட்டிக்கொண்டு விழித்தாள். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்து, எல்லோர் முன்னாலும், "விடும்மா, உனக்கு இங்கிலீஷ் இருக்கு, பிழைச்சுக்குவே" என்றேன். அவள் சிரித்தாள், நானும் மறந்துவிட்டேன். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, "சார், அன்னைக்கு நீங்க சொன்னதாலதான் நான் கணக்கை விட்டுட்டு இங்கிலீஷ் எடுத்தேன், இப்ப டீச்சரா இருக்கேன்" என்று தன் வீட்டுக்காரரிடம் என்னை அறிமுகம் செய்து வைத்தாள். நன்றியோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தது அவளா, ஒரு தொகையீட்டுக் கணக்கா, என் வாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்தத் தராசு பெண் பிள்ளைகளை அதிகம் தொடுகிறது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. தாமஸ் பிரெடா, க்ளோதில்ட் நாப் என்ற இருவர் 2019-இல் வெளியிட்டது. 2012-ஆம் ஆண்டு பிசா என்ற சர்வதேசத் தேர்வு எழுதிய 64 நாடுகளின் சுமார் 3 லட்சம் 15 வயதுப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். கணக்கில் பையன்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் வாசிப்பில் பெண்கள் நன்றாக முன்னால் நிற்கிறார்கள். அதனால் கணக்கில் ஒரே மதிப்பெண் வாங்கிய ஒரு பையனையும் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தினால், பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கு வாசிப்பு கணக்கைவிட நன்றாக வரும், பையனுக்குக் கணக்கு வாசிப்பைவிட நன்றாக வரும். அவன் கணக்குப் பக்கம் போகிறான், அவள் மொழிப் பக்கம் வருகிறாள். கணக்கு சார்ந்த படிப்புகளுக்குப் போக நினைப்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளியில் 80 சதவீதம் வரை இந்த ஒரு ஒப்பீட்டாலேயே விளக்கிவிடலாம் என்றார்கள். கணக்கில் பலவீனம் காரணம் இல்லை, மொழியில் பலம் காரணம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மிங்-தே வாங், ஜாக்குலின் எக்கிள்ஸ், சாரா கென்னி மூவரும் 2013-இல் செய்தது. அமெரிக்க மாணவர்களைப் பள்ளியிலிருந்து 33 வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள். கணக்கு, மொழி இரண்டிலும் கெட்டியாக இருந்தவர்கள், கணக்கில் மட்டும் கெட்டியாக இருந்தவர்களைவிடக் குறைவாகவே அறிவியல், பொறியியல் பக்கம் போயிருந்தார்கள். இரண்டிலும் கெட்டியான அந்தக் கூட்டத்தில் பெண்கள்தான் அதிகம். திறமை போதாமல் விலகவில்லை, கையில் இரண்டு துருப்புச் சீட்டு இருந்ததால் வேறு ஆட்டம் ஆடினார்கள். உங்கள் மகள் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவளாகத்தான் எனக்குப் படுகிறது.

நம் ஊரில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. பொறியியல் கட்-ஆஃபில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. தமிழும் ஆங்கிலமும் கணக்கிலேயே வராது. கவுன்சலிங் கம்ப்யூட்டருக்கு உங்கள் மகளின் 98 கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே! மார்க் ஷீட்டை எடுத்ததும் அவள் கண் முதலில் போவது அங்கேதான்.

இந்த உள் ஒப்பீடு முட்டாள்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. நமக்குள் எது நன்றாக வருகிறதோ அதை எடுத்துப் படிப்பது புத்திசாலித்தனம்தான். சிக்கல் எங்கே என்றால், "தமிழ் எனக்குக் கணக்கைவிட நன்றாக வரும்" என்ற உண்மை, யாரும் பார்க்காதபோது "கணக்கு வராது" என்ற பொய்யாக மாறிவிடுவதில். முதல் வாக்கியத்தை வைத்து ஒரு நல்ல முடிவு எடுக்கலாம். இரண்டாவதை வைத்து எடுத்தால், பொருளாதாரம், புள்ளியியல், மொழித் தொழில்நுட்பம் என்று கணக்கும் மொழியும் சேர்ந்து கேட்கும் படிப்புகள் எல்லாம் கேட்காமலேயே கதவைச் சாத்திக்கொள்ளும். பி.ஏ. இங்கிலீஷுக்கும் பி.இ. கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு பெரிய ஊரே இருக்கிறது. அந்த ஊர் வழியாக அவள் ஒரு தடவையாவது நடந்துவிட்டு வந்தாளா என்று கேளுங்கள்.

இப்போது தோழிக்கு வருவோம். அந்த சென்டத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். கணக்கில் சென்டம் வாங்குபவர்கள் ஒரு வருடம் சில நூறு பேர், இன்னொரு வருடம் சில ஆயிரம் பேர். பிள்ளைகளின் மூளை வருடத்துக்கு வருடம் அப்படி மாறுவதில்லை, வினாத்தாள்தான் மாறுகிறது. புக் பேக் கணக்கை நாலு தடவை போட்டுப் பார்த்த கைக்கும், கணக்கை யோசிக்கிற தலைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு முதல் செமஸ்டரில் தெரியும். எம்-1 என்ற முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரில் அரியர் வைத்த சென்டங்களையும் பார்த்திருக்கிறேன், 85 வாங்கி வந்து கடைசிப் படி வரை காரணத்தோடு எழுதும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். தோழியைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த 8 மதிப்பெண் இடைவெளியை ஒரு வாழ்க்கை முடிவைத் தாங்கும் தூணாக வைக்க முடியாது என்கிறேன்.

ஒப்பிடுவதற்கு யார் கிடைக்கிறார்கள் என்பது எந்தப் பள்ளி, எந்த செக்‌ஷன் என்பதைப் பொறுத்த அதிர்ஷ்டம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். இலுப்பைப் பூவை மட்டம் தட்டத்தான் எல்லோரும் இந்தப் பழமொழியைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தோன்றும். இலுப்பைப் பூ உண்மையாகவே இனிப்புதான். ஆலை உள்ள ஊருக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் அதன் இனிப்பு ஒரு துளியும் குறைவதில்லை, யாரும் வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

இதையே ஜேம்ஸ் டேவிஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1966-இல் தவளைக் குளத்தை உதாரணம் காட்டி எழுதினார். 1961-இல் பட்டம் பெற்ற கல்லூரி ஆண்களை ஆராய்ந்தார். உயர்ந்த மாணவர்கள் கூடும் பேர்பெற்ற கல்லூரியில் படித்தவர்கள், மேற்படிப்பு கேட்கும் பெரிய தொழில்களை அதிகம் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம். கல்லூரியின் தரத்தைவிட, அந்தக் கல்லூரிக்குள் அந்தப் பையன் எந்த இடத்தில் நின்றான் என்பதுதான் அவன் ஆசையின் உயரத்தை அதிகம் தீர்மானித்தது. பெரிய குளத்தில் சின்னத் தவளையாக இருந்தவர்கள், வேறு குளத்தில் ராஜாவாக இருந்திருக்கக்கூடியவர்கள், ஆசையைச் சுருக்கிக்கொண்டார்கள். அவர் கட்டுரையின் கடைசியில் பெற்றோருக்கே ஒரு எச்சரிக்கை வைத்தார்: பையன் கடைசி வரிசையில்தான் நிற்பான் என்று கிட்டத்தட்ட உறுதியாகத் தெரிந்தால், பேர்பெற்ற கல்லூரிக்கு அனுப்புவதில் உள்ள நஷ்டத்தையும் யோசியுங்கள் என்று.

எனக்கு இந்தத் தவளையை நேரில் தெரியும். சில வருடம் முன்பு கட்-ஆஃப் 198-ஓடு ஒரு பையன் வந்தான். சின்ன ஊர், ஊரிலேயே முதல் மார்க், பஸ் ஸ்டாண்டில் பேனர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பில் அறுபது பேரில் அவனைப் போல ஊர் முதல் மார்க் வாங்கியவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். முதல் இன்டர்னலில் 50-க்கு 31. அதற்கு அடுத்த வாரம் என் அறைக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "சார், நான் இங்க இருக்க வேண்டியவனே இல்ல சார், டி.சி. வாங்கிக்கறேன்" என்றான். விடைத்தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று கணக்கில் முறை சரி, கூட்டலில் தப்பு. "இந்த 31-ஐ உன் ஊர்ல வாங்கியிருந்தா என்ன சொல்லியிருப்பே?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "பேப்பர் கஷ்டம்னு சொல்லியிருப்பேன் சார்." அந்த பதில்தான் இந்த முழு விஷயமும். அங்கே பேப்பர் கஷ்டம், இங்கே தான் மட்டம். டி.சி. வாங்கவில்லை. பிரமாதமாக வந்துவிட்டான் என்றும் கதை கட்ட மாட்டேன். ஒரு அரியரோடு, எல்லோரையும் போல முடித்தான், இப்போது வேலையில் இருக்கிறான்.

இந்தக் குளத்து விளைவு அமெரிக்காவுக்கு மட்டும் உரியது அல்ல. மார்ஷும் ஹாங்காங்கின் கிட்-டாய் ஹாவும் 2003-இல் 26 நாடுகளின் 1,03,558 மாணவர்களின் விவரங்களைப் பார்த்தார்கள். சராசரி அதிகமுள்ள பள்ளியில் படிக்கும் பிள்ளை, அதே திறமையோடு சராசரி குறைந்த பள்ளியில் படிக்கும் பிள்ளையைவிடத் தன்னைக் குறைவாக மதிப்பிடுகிறது. 26 நாட்டிலும் ஒரே திசை. இங்கிலாந்தில் ரிச்சர்ட் மர்ஃபி, ஃபெலிக்ஸ் வைன்ஹார்ட் இருவரும் தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை எடுத்துப் பார்த்தார்கள். திறமை ஒன்றாக இருந்தாலும், தொடக்கப் பள்ளியில் கணக்கில் முன்வரிசையில் நின்ற பிள்ளை, வருடங்கள் கழித்து பள்ளி மாறிய பிறகும், மேல்நிலையில் கணக்கு, அறிவியல் பாடங்களை எடுப்பது கூடுதலாக இருந்தது. குளம் மாறினாலும் பழைய குளத்தின் கணக்கைச் சுமந்துகொண்டு போகிறார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் வருட முடிவுக்குள் முக்கியப் பாடத்தை அறிவித்தால் போதும். நான்கைந்து துறைகளை ருசி பார்க்க நேரம் இருக்கிறது. நம் பிள்ளைகள் 15 வயதில் குரூப் எடுக்கிறார்கள், 17-இல் பிராஞ்ச் எடுக்கிறார்கள். சிவில் என்றால் என்ன என்று ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்து பார்க்காமல் சிவிலா மெக்கானிக்கலா என்று முடிவு செய்ய வேண்டும். படிப்பைப் பற்றித் தெரியாதபோது கையில் இருப்பது ஒப்பீடு ஒன்றுதான். அதனால் நம் ஊரில் அதன் பாரம் இன்னும் அதிகம்.

உதவி மையத்தில் உட்கார்ந்தபோது நான் அதிகம் கேட்ட வாக்கியம் எது தெரியுமா? "இந்த மார்க்குக்கு அதை எடுத்தா வேஸ்ட் சார்." இது மூன்றாவது வகை. பிள்ளையையும் பிள்ளையையும் ஒப்பிடுவதில்லை, மார்க்கையும் படிப்பின் விலையையும் ஒப்பிடுவது. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிராஞ்ச் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் எல்லோர் மொபைலிலும் இருக்கும். அது ஒரு விலைப் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது. 195 கையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் 194-இல் முடிந்திருக்கிறது, அப்படியானால் அதை வாங்கிவிட வேண்டும். சிவில் பிடித்த பிள்ளை சிவில் கேட்டால், ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டு மிச்சம் வாங்காமல் வருவது போல அப்பா அம்மாவுக்குப் பதறுகிறது. ஒரு பெண் என் எதிரில் உட்கார்ந்து, கட்டடங்களைப் படம் வரைந்து வைத்திருந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டே, கம்ப்யூட்டர் சயின்ஸை முதல் சாய்ஸாகப் போட்டாள். மாமா பக்கத்தில் நின்று பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். நோட்டைப் பற்றி நான்தான் கேட்டேன். "சும்மா சார், டைம்பாஸ்" என்றாள்.

கட்-ஆஃப் குறைவு என்றால் அந்தப் படிப்பு தாழ்ந்தது என்று அர்த்தம் இல்லை. அந்த வருடம் அதைக் கேட்டவர்கள் குறைவு, சீட் அதிகம். ஒரு காலத்தில் மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் இருந்த அடிதடியைப் பார்த்தவன் நான். அப்புறம் அதே வகுப்புகளில் பெஞ்ச் காலியாகக் கிடந்ததையும் பார்த்தேன். பாலமும் மோட்டாரும் மாறவில்லை, வரிசைதான் மாறியது.

ரேங்க் என்பதே எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு ஒரு விஷயம் சொல்கிறேன். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் வந்தால் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியலை, இப்படியே வரிசையாகப் போய், பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் கடைசியில் ரேண்டம் நம்பர். அதாவது குலுக்கல். அந்த இரண்டு பேரில் பின்னால் நிற்பவர் தன்னை ஒரு படி கீழே என்று நினைக்க ஆரம்பித்திருப்பார். 2017-இல் தமிழக அரசு பத்தாவது, பிளஸ் டூவில் மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் அன்று மாலையே பள்ளிகள் தங்கள் சொந்த ரேங்க்கைப் பேனரில் போட்டுக்கொண்டன.

சொந்தக்காரப் பிள்ளைகள் ஒப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். ஒன்று மட்டும்: சில பிள்ளைகள் அண்ணன் அக்கா எடுத்ததையே எடுக்கும், சிலது அவர்கள் எடுத்தது என்பதற்காகவே அதை விட்டு ஓடும். இரண்டாவது வகையைச் சுயமான தேர்வு என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். அதுவும் ஒப்பீடுதான், குறி மட்டும் மாறியிருக்கிறது. சின்னவள் விஷயத்தில் இது உங்களுக்கு உதவலாம்.

சரி, பெரியவளிடம் என்ன பேசுவது? ஒரு சாயங்காலம் மார்க் ஷீட்டைக் கையில் எடுக்காமல் உட்காருங்கள். "அந்தத் தோழி வேற ஸ்கூல்ல படிச்சிருந்தா கணக்கைப் பத்தி என்ன சொல்லியிருப்பே?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது, வர வேண்டியதும் இல்லை. அப்புறம், எப்போதிலிருந்து கணக்கு வரவில்லை என்று கேளுங்கள். எட்டாவதிலா, பத்தாவதிலா, அந்தத் தோழி வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகா, ஒரு குறிப்பிட்ட ஆசிரியருக்குப் பிறகா? ஒரு தேதி கிடைத்தால் அது பெரும்பாலும் ஒப்பீடு ஆரம்பித்த தேதி. தேதியே இல்லாமல், "எனக்கு அது எப்பவுமே போர்ப்பா, கதை படிக்கிறப்பதான் நேரம் போறதே தெரியாது" என்றால் அது வேறு விஷயம். அது ஒப்பீடு இல்லை, விருப்பம். அதற்கு மரியாதை கொடுங்கள், பி.ஏ. இங்கிலீஷில் சேருங்கள், "இந்த மார்க்குக்கு பி.ஏ.வா" என்று கேட்கும் முதல் சொந்தக்காரரிடம் நீங்களே பதில் சொல்லுங்கள், அவளைச் சொல்ல விடாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சோதித்துப் பார்க்க வழி உண்டு, செலவும் இல்லை. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.ஏ. இங்கிலீஷ், பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. பொருளாதாரம், ஐந்து வருட சட்டம், இவற்றின் முதல் வருட சிலபஸ் பல்கலைக்கழகத் தளங்களில் கிடைக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு யூனிட் எடுத்து ஒரு வாரம் உட்காரச் சொல்லுங்கள். பரீட்சை வேண்டாம், மார்க் வேண்டாம், நீங்கள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது எந்தப் புத்தகத்தை இரவு பத்து மணிக்கும் மூடாமல் வைத்திருக்கிறாள் என்று மட்டும் பாருங்கள். கவுன்சலிங்குக்கு எதற்கும் பதிந்து வையுங்கள். பதிவு செய்ததாலேயே சேர வேண்டும் என்று இல்லை. சாய்ஸ் போடுவதாக இருந்தால், முதலில் போன வருடப் பட்டியலைப் பார்க்காமல் அவளுக்குப் பிடித்த வரிசையை ஒரு பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். பட்டியல் அதற்கு அப்புறம். வரிசையில் எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், மேலே ஆசையைப் போட்டால் கீழே இருப்பது போய்விடாது.

சின்னவள் பள்ளி மாற்றம். இதற்கு ஆராய்ச்சியிலிருந்து ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் எடுக்க முடியாது. குளத்து விளைவு சராசரிக் கணக்கு. பெரிய பள்ளியில் நல்ல ஆசிரியர் இருக்கலாம், லேப் இருக்கலாம், "நானும் இந்தப் பள்ளி" என்ற பெருமை சிலருக்குத் தெம்பு தரும். எந்தப் பள்ளி என்பதைவிட, அந்தப் பள்ளி பிள்ளைகளை எப்படி வரிசைப்படுத்துகிறது என்பதை விசாரியுங்கள். வாரா வாரம் டெஸ்ட் வைத்து, மார்க்கை போர்டில் ஒட்டி, ரேங்க் வாரியாக செக்‌ஷன் பிரித்து, மார்க் குறைந்தால் ஏ-யிலிருந்து சி-க்கு இறக்கும் பள்ளி என்றால், இப்போது ஊர்ப் பள்ளியில் முதல் மூன்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முதல் ஆறு மாதம் ரொம்பக் கடினமாக இருக்கும். விடைத்தாளில் எங்கே தப்பு என்று உட்கார்ந்து காட்டும் பள்ளி என்றால் தைரியமாக மாற்றலாம். சேர்த்த பிறகு முதல் டெஸ்ட் மார்க் வரும் அன்று, "கிளாஸ் ஃபர்ஸ்ட் எவ்வளவு?" என்ற கேள்வியைத் தொண்டையிலேயே நிறுத்திக்கொள்ள உங்களால் முடியுமா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் விசாரித்தால் பேனரில் படம் வந்த பிள்ளையின் அப்பா நம்பரைத்தான் தருவார்கள். அது வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஸ்பெஷல் கிளாஸ் விடும் நேரத்துக்கு, அந்தப் பள்ளி பஸ் ஸ்டாப்பில் போய் நில்லுங்கள். பையைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நடந்து வரும் நாலு பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். டீச்சர் எப்படி, சாப்பாடு எப்படி, சந்தேகம் கேட்டால் திட்டுவாரா என்று என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ரேங்க் எத்தனை என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கப்புறம் வாயைத் திறக்க மாட்டார்கள்.